வேரைச் சுற்றி எலும்பு வளர்ந்த கதை

1844 டிசம்பர் 11. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அன்று நோயாளியாக நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தைய நாள்தான் சிரிப்பூட்டும் வாயுவை மேடையேற்றி வேடிக்கை காட்டும் நிகழ்ச்சி ஒன்றுக்குப் போயிருந்தார். வாயுவை இழுத்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் நின்றதை அங்கே கவனித்தார். அதே வாயுவைத் தானும் இழுத்துவிட்டு, தன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னார். பல்லைப் பிடுங்கியவர் ஜான் மான்கி ரிக்ஸ். மயக்க மருந்தின் வரலாற்றில் அந்த நாள் இன்றும் பேசப்படுகிறது.

ரிக்ஸ் அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தக் காலத்தில் அவர் வாதாடியதெல்லாம் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றுவதற்காகத்தான். ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும், சீழ் கோக்கும், பிறகு ஒவ்வொரு பல்லாக ஆடத் தொடங்கும். முதுமையில் எல்லோருக்கும் வருவது இது என்று மருத்துவர்களே கைவிட்டிருந்த காலம். வேரில் ஒட்டியிருக்கும் காரையை ஈறுக்கு அடிவரை போய்ச் சுரண்டி எடுத்தால் இந்த நோய் அடங்கும் என்று ரிக்ஸ் செய்தே காட்டினார். அமெரிக்காவில் நெடுநாள் அதற்கு ‘ரிக்ஸ் நோய்’ என்றே பெயர் இருந்தது. நம் ஊரில் ‘பயோரியா’ என்று அறியப்பட்டது இதே நோய்தான்.

சுரண்டினால் சீழ் நின்றது, வீக்கம் வடிந்தது. கரைந்துபோன எலும்பு மட்டும் திரும்பவில்லை. இழந்ததை மீட்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அப்படி மீட்டது நிலைக்குமா என்று தெரிய அதற்கு மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

பல் எலும்பில் நேரடியாகப் பதிந்து நிற்பதில்லை. வேரைச் சுற்றி, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் அகலமே உள்ள இடுக்கில் ஆயிரக்கணக்கான நார்கள் ஓடுகின்றன. அவற்றின் ஒரு முனை தாடை எலும்பில் புதைந்திருக்கும். மறுமுனை வேரின் மேல் படர்ந்த சிமென்டம் என்ற மெல்லிய படிவில் புதைந்திருக்கும். கடிக்கும்போது விழும் பாரத்தை வாங்கிக்கொள்வது இந்தப் பிணைநார்தான். பல்லின் கழுத்தில் படியும் கிருமிப் படலம் அகற்றப்படாமல் கிடந்தால் ஈறு அழற்சி கொள்கிறது. சிலருக்கு அந்த அழற்சி உள்ளே இறங்குகிறது. கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடலின் படையே நாரையும் எலும்பையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போன்ற பள்ளம் உண்டாகிறது. நலமான ஈறில் இந்த இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டாது. முற்றிய நோயில் 8, 10 என்று போகும். அந்த ஆழத்துக்கு எந்தத் துலக்கியும் எட்டாது.

ஆகவே மீட்பு என்றால் மூன்று பொருள்கள் ஒன்றாக வளர வேண்டும். வேரில் புதுச் சிமென்டம், தாடையில் புது எலும்பு, இரண்டிலும் முனை புதைந்த புது நார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது பழைய பிடிப்பு ஆகாது.

பிடுங்கிய காலம்

நோய் பழையது. சுஸ்ருத சம்ஹிதை வாய் நோய்களை 65 ஆக வகுத்து, அவற்றில் 15-ஐ ஈறுகளுக்குரியவை என்கிறது. சீழும் ரத்தமும் வடிந்து பல் ஆடும் நிலை அதில் தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் கோர்டோபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அல்-ஸஹ்ராவி, காரை சுரண்டும் கருவிகளை ஒவ்வொன்றாக வரைந்து வைத்தார். பாரிஸில் 1728-இல் பியர் ஃபோஷார் வெளியிட்ட பல் மருத்துவ நூலிலும் ஈறு நோய்க்கு இடம் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம் சுத்தம் செய்வது. அது பலிக்காவிட்டால் பிடுங்குவது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடுங்குவதே கொள்கையாக மாறியது. 1910-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஹண்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஓர் உரை நிகழ்த்தினார். அழுகிய வேர்களின் மேல் தங்கக் கவசமும் பாலமும் போட்டு மூடும் பல் மருத்துவத்தை அவர் கடுமையாகச் சாடினார். ரத்தசோகை, மூட்டுவலி எனப் பல நோய்களுக்கு வாயிலுள்ள சீழே மூலம் என்றார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் இந்தக் கருத்தின் பெயரால் எண்ணற்றோர் வாயைக் காலி செய்துகொண்டார்கள். காப்பாற்றக்கூடிய பற்களும் அதில் போயின.

மடல் தூக்கிப் பார்த்தவர்கள்

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் சிலர் வேறு வழி தேடினார்கள். பெர்லினில் ராபர்ட் நாய்மன், ஸ்வீடனில் லெனார்டு வீட்மன் ஆகியோர் ஈறைக் கீறி, மடல் போலத் தூக்கி, வேரையும் எலும்பையும் கண்ணால் பார்த்துச் சுத்தம் செய்யும் அறுவையை வகுத்தார்கள். இன்று பல் மருத்துவர்கள் ‘ஃபிளாப் சர்ஜரி’ என்று சொல்வதன் தொடக்கம் அது. திறந்து பார்த்தபோதுதான் எலும்பு எப்படிக் கரைகிறது என்பதும் தெளிவானது. சில வாய்களில் எலும்பு மட்டம் முழுவதும் ஒரே சீராகத் தாழ்ந்திருக்கும். வேறு சிலவற்றில் ஒரு வேரை ஒட்டி மட்டும் எலும்புக்குள் குழி விழுந்திருக்கும். 1958-இல் ஹென்றி கோல்ட்மனும் வால்டர் கோஹனும் இந்தக் குழிகளை, மிஞ்சிய எலும்புச் சுவர்களின் எண்ணிக்கையை வைத்து வகைப்படுத்தினார்கள். மூன்று பக்கமும் சுவர் நிற்கும் குழி ஆறுவது எளிது. ஒரு பக்கம் மட்டும் நின்றால் கடினம். இன்றும் அறுவைக்கு முன் எலும்பு மீளும் வாய்ப்பைக் கணிக்க இந்தக் கணக்கு உதவுகிறது.

குழி இருந்தால் நிரப்பலாமே என்று தோன்றுவது இயல்பு. 1923-இலேயே ஹெகடுஸ் என்பவர் நோயாளியின் முழங்கால் கீழ் எலும்பிலிருந்து துண்டு எடுத்துத் தாடையில் வைத்த முயற்சியை எழுதியிருக்கிறார். டெக்சாஸில் ஜான் பிரிச்சர்டு 1957-இல், ஒன்றும் நிரப்பாமலேயே, குழியைத் துப்புரவாகச் சுத்தம் செய்து ஆறவிட்டு எலும்பு நிறைவதைக் காட்டினார். அறுபதுகளின் கடைசியில் ராபர்ட் ஷால்ஹார்ன் இடுப்பு எலும்பின் மச்சையை எடுத்துக் குழிகளில் இட்டார். எலும்பு நன்றாகவே வளர்ந்தது. ஆனால் சில பற்களின் வேரை உடல் அரிக்கத் தொடங்கியது. வேறு சில பற்கள் எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயின. பல் ஆட்டத்துக்காக இடுப்பில் ஊசி ஏற்றிக்கொள்ள எல்லோரும் முன்வரவும் இல்லை. பிறகு, தானமாகப் பெற்ற எலும்பை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கிப் பயன்படுத்தும் முறை எழுபதுகளில் வந்தது.

இந்த முயற்சிகளுக்கெல்லாம் எக்ஸ்-ரேதான் சாட்சி. படத்தில் குழி வெளுத்திருந்தால் எலும்பு வந்துவிட்டது என்று பொருள். அந்த எலும்பு வேரைப் பிடித்திருக்கிறதா என்று படம் சொல்லாது. 1980-இல் ஜேக் கேட்டன், ஸ்டூரே நீமன், ஹெல்மட் சாண்டர் மூவரும் குரங்குகளில் அன்றைய நான்கு அறுவை முறைகளைச் செய்து, திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எலும்புக்கும் வேருக்கும் நடுவே ஈறின் மேல்தோல் மெல்லிய நாக்காக அடிவரை இறங்கியிருந்தது. சிமென்டமும் இல்லை, நாரும் இல்லை. குழி ஆறியிருந்ததே தவிர, பழைய பிடிப்பு திரும்பியிருக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து 480 வாய்கள்

நோயின் காரணமே இதற்குள் உறுதியாகியிருந்தது. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோவும் அவருடைய சகாக்களும், நலமான ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கியதும் சரியானது. கிருமிப் படலம்தான் மூலம் என்பது ஐயமறத் தெரிந்தது.

அந்த வீக்கத்தை வருடக்கணக்கில் அப்படியே விட்டால் என்ன ஆகும்? இதற்கு ஐரோப்பாவில் விடை காண வழியில்லை. அங்கே எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் பல் மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். பல் மருத்துவமே எட்டாத மக்கள் இந்த ஆய்வுக்குத் தேவைப்பட்டார்கள். 1970-இல் லோவின் குழு இலங்கை மலையகத்துக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாய்களை, ஒவ்வொரு பல்லின் ஒவ்வொரு பக்கமாக அளந்து குறித்தது. நல்ல உடல்நலம் உள்ளவர்கள், இளைஞர்கள். நாம் அறிந்த முறையில் பல் துலக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. பற்களைப் படலமும் காரையும் மூடியிருந்தன. அடுத்த 15 ஆண்டுகளில் குழு பலமுறை திரும்பி வந்து அதே வாய்களை அளந்தது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி மலையகக் குடும்பங்கள் பிரிந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளும் அவையே. 1985-இல் கடைசியாக அளந்தபோது 480 பேரில் 161 பேர் கிடைத்தார்கள்.

1986-இல் வெளியான முடிவு உலகப் பல் மருத்துவத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. எல்லோர் வாயிலும் ஒரே அழுக்கு, ஒரே வீக்கம். ஆனால் 8 சதவீதத்தினருக்கு மட்டுமே நோய் விரைந்து ஓடியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக நகர்ந்தது. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி உள்ளே இறங்கவே இல்லை. விரைந்து ஓடியவர்கள் 35 வயதில் சராசரியாக 9 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தார்கள். 45 வயதில் அது 13 ஆனது. பல் வேரின் நீளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஈறு நோய் பற்றி உலகில் எந்தக் கல்லூரியில் பாடம் நடந்தாலும் இந்த எண்கள் வரும். அறுவை செய்த பல் பத்தாண்டு நின்றது என்று ஒரு மருத்துவர் சொன்னால், செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்குதான் கைகொடுக்கிறது. நீண்டகாலப் பலன் என்ற பேச்சே இந்தத் தொழிலாளர்களின் வாயிலிருந்துதான் அளவுகோலைப் பெற்றது. அந்தக் கடன் இந்த வரலாற்றில் உரிய இடத்தில் எழுதப்பட வேண்டும்.

யார் முதலில் வருவது?

1976-இல் டொராண்டோவில் ஆண்டனி மெல்ச்சர் ஒரு கட்டுரை எழுதினார். அறுவைக்குப் பின் வெறுமையாகக் கிடக்கும் வேரை நோக்கி நான்கு வகை உயிரணுக்கள் நகர்கின்றன. ஈறின் மேல்தோல், ஈறின் உள்திசு, எலும்பு, பிணைநார். எது முதலில் வேரைத் தொடுகிறதோ அதுவே ஆறும் விதத்தைத் தீர்மானிக்கிறது என்றார் அவர். மேல்தோல் வேகமானது, எப்போதும் அதுதான் முந்திக்கொள்கிறது. சிமென்டத்தையும் நாரையும் எலும்பையும் ஒருசேர உண்டாக்கும் வல்லமை பிணைநாரின் உயிரணுக்களிடமே இருக்கலாம் என்பது அவருடைய ஊகம்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டூரே நீமன், தோர்கில்டு காரிங், யான் லிண்டே ஆகியோர் இந்த ஊகத்தைச் சோதித்தார்கள். நாய்களின் பல் வேர்களை எடுத்து எலும்பில் பதித்துப் பார்த்தார்கள், ஈறின் உள்திசுவோடு சேர்த்துப் பார்த்தார்கள். எலும்பு தொட்ட இடத்திலும் வேர் அரிக்கப்பட்டது, உள்திசு தொட்ட இடத்திலும் அரிக்கப்பட்டது. பிணைநார் மிச்சமிருந்த இடத்தில் மட்டுமே முறையான பிடிப்பு உண்டானது. ஷால்ஹார்னின் இடுப்பு எலும்பு ஏன் சில வேர்களைத் தின்றது என்பதற்கும் இதில் விடை கிடைத்தது.

அடுத்த படி எளிமையானது. முந்திக்கொள்பவரைத் தடுக்க வேண்டும், தாமதமாக வருபவருக்கு இடம் காக்க வேண்டும். நாற்றங்காலில் முளை விடும்வரை ஆடு புகாமல் வேலி கட்டுவதைப் போல, ஈறுக்கும் வேருக்கும் நடுவே ஒரு சவ்வை வைத்துத் தைத்தார்கள். 47 வயது மனிதர் ஒருவரின் கீழ்த்தாடை முன்பல், எப்படியும் பிடுங்க வேண்டிய நிலையில் இருந்தது. ஆய்வகத்தில் திரவம் வடிகட்டும் மில்லிப்போர் தாளை அந்த வேரின் மேல் போர்த்தி ஈறை மூடினார்கள். மூன்று மாதம் கழித்துப் பல்லைச் சுற்றியுள்ள திசுவோடு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்கள். நோய் அரித்த வேரின் மேல் புதுச் சிமென்டம் படிந்திருந்தது. அதில் நார்கள் முனை புதைந்து நின்றன. 1982-இல் இது அச்சானது. மனித வாயில் இந்த வழியில் முதன்முறையாக மீட்பு நடந்ததற்குச் சாட்சியாக அந்தப் பல் நின்றது.

வடிகட்டும் தாளை வாயில் வைப்பது நடைமுறைக்கு ஆகாது. மழைக்கோட்டுத் துணிக்குப் பேர்போன கோர்-டெக்ஸ் பொருளில் சவ்வு செய்தார்கள். 1986-இல் யான் காட்லோவ் குழு 10 பேரின் 12 பற்களில் அதன் பலனை வெளியிட்டது. அந்தச் சவ்வு கரையாது. நான்கு முதல் ஆறு வாரத்தில் மீண்டும் ஈறைத் திறந்து எடுக்க வேண்டும். அதற்குள் ஈறு விலகிச் சவ்வு வெளியே தெரிந்துவிட்டால் கிருமி ஏறிப் பலன் குறையும். அந்தத் தொல்லைக்குத் தீர்வாகத் தொண்ணூறுகளில் தானே கரையும் சவ்வுகள் வந்தன. அவற்றில் விலங்குக் கொலாஜனால் ஆனவை இன்றும் பரவலாகப் பயன்படுகின்றன.

ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா நிறுவனத்தின் லார்ஸ் ஹம்மர்ஸ்ட்ரோம் வேறு கோணத்தில் யோசித்தார். குழந்தைப் பருவத்தில் பல் உருவாகும்போது சிமென்டத்தை முதன்முதலில் தூண்டுவது எது? எனாமலை உண்டாக்கும் புரதங்களுக்கு அதில் பங்கு உண்டு என்று அவர் கண்டார். பன்றிக்குட்டிகளின் முளைக்காத பல்லரும்புகளிலிருந்து அந்தப் புரதத்தை எடுத்து, ‘எம்டோகெயின்’ என்ற பெயரில் கூழாக்கி வேரில் பூசும் முறை பிறந்தது. 1997-இல் வெளியான ஆய்வில் 33 நோயாளிகளின் வாயில் ஒரு பக்கம் மருந்தும் மறுபக்கம் வெறும் கூழும் பூசி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து பூசிய பக்கத்தில் எக்ஸ்-ரேயில் சராசரி 2.6 மில்லிமீட்டர் எலும்பு கூடியது. மறுபக்கத்தில் கூடவில்லை.

பிறகு வளர்ச்சிக் காரணிகளின் காலம். ரத்தத் தட்டணுக்களில் உள்ள ஒரு காரணியைத் தொழில்முறையில் தயாரித்து, எலும்புப் பொடிக்கு மாற்றான துகளில் ஊறவைத்துத் தரும் மருந்துக்கு 2005-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. வேறொரு காரணியை ஜப்பான் 2016-இல் ஏற்றுக்கொண்டது. நோயாளியின் ரத்தத்தையே குழாயில் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின் திரட்டு, செலவு குறைவு என்பதால் இந்தியக் கல்லூரி மருத்துவமனைகளில் பரவலாகப் பழக்கத்தில் இருக்கிறது.

மில்லிமீட்டரும் பல்லும்

ஒவ்வொரு பொருளும் வந்தபோது ஆறு மாதம், ஓர் ஆண்டு என்ற கணக்கில் பலன் அளக்கப்பட்டது. இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று எண்கள் குவிந்தன. 2009-இல் எனாமல் புரதம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற அமைப்பின் அறிக்கை, வெறும் ஃபிளாப் அறுவையை விட இது சராசரியாக 1.1 மில்லிமீட்டர் கூடுதல் பிடிப்பைத் தருகிறது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் இதனால் அதிகப் பற்கள் காப்பாற்றப்படுகின்றன என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னது. அறிக்கை கேட்டது சரியான கேள்வி. நோயாளிக்கு மில்லிமீட்டர் தெரியாது. இட்லிக்கு மேல் எதையும் கடிக்க முடியாமல் இருந்தவருக்கு முறுக்கைக் கடிக்க முடிகிறதா, அந்தப் பல் இன்னும் எத்தனை வருடம் வரும் என்பதுதான் தெரிய வேண்டும்.

அதற்கான விடை, ஒரே நோயாளிகளை விடாமல் தொடர்ந்து பார்த்தவர்களிடமிருந்து வந்தது. ஃப்ளோரன்ஸ் நகரின் பியர்பாவ்லோ கோர்டெல்லினியும் அவருடன் பணிபுரிந்த மௌரிட்சியோ டொனெட்டியும் அவர்களில் முதன்மையானவர்கள். தொண்ணூறுகளின் நடுவில் 45 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு டைட்டானியம் வலுவூட்டிய சவ்வும், பல்லிடுக்கு ஈறைக் கிழிக்காமல் காக்கும் புதுத் தையல் முறையும். ஒரு பிரிவுக்குச் சாதாரணச் சவ்வு. மற்றொன்றுக்கு வெறும் ஃபிளாப். ஓராண்டில் கிடைத்த பிடிப்பு முறையே 5.3, 4.1, 2.5 மில்லிமீட்டர்.

இருபது ஆண்டு கழித்து 41 பேர் தொடர்பில் இருந்தார்கள். இந்த இடைவெளியில் முதல் பிரிவு இழந்த பிடிப்பு சராசரியாக 0.1 மில்லிமீட்டர். இரண்டாம் பிரிவு 0.5. வெறும் ஃபிளாப் செய்த பிரிவு 1.7. சவ்வு வைத்த இரு பிரிவுகளிலும் சிகிச்சை பெற்ற பல் ஒன்றுகூட விழவில்லை. ஃபிளாப் பிரிவில் இரண்டு விழுந்தன. நோய் திரும்பி மறுபடி சிகிச்சை தேவைப்பட்டதும் அந்தப் பிரிவில்தான் அதிகம். எனவே முதலில் மலிவாகத் தெரிந்த அறுவைக்கு இருபதாண்டில் பின்செலவு கூடியது. வளர்ந்த பிடிப்பு நிலைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன ஆய்வு அரிது.

அதே குழு இன்னும் துணிச்சலான ஒன்றையும் செய்தது. வேரின் நுனிவரை எலும்பு கரைந்து, எவர் பார்த்தாலும் பிடுங்கத்தான் சொல்வார் என்ற நிலையிலிருந்த பற்கள். 50 நோயாளிகளில் பாதிப் பேருக்குப் பிடுங்கி இம்பிளான்டோ பாலமோ கட்டினார்கள். மற்றப் பாதிப் பேருக்கு, இழந்த பிடிப்பை மீட்கும் மறுவளர்ச்சி அறுவை செய்தார்கள். ஐந்து ஆண்டில் அந்த 25 பற்களில் 23 நின்றன. பத்து ஆண்டில் 88 சதவீதம் நின்றன. இம்பிளான்ட், பாலம் பக்கம் 100 சதவீதம் நின்றது உண்மை. ஆனால் சிக்கலின்றிக் கழிந்த காலத்தில் இரு பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை, மொத்தச் செலவு சொந்தப் பல்லுக்கே குறைவு.

எந்தப் பொருள் சிறந்தது என்ற போட்டிக்கு நடுவே இந்த ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. 1995-இல் வெளியான ஆய்வில், ஒரே கைகள், ஒரே சவ்வு. புகைபிடிக்காதவர்கள் 5.2 மில்லிமீட்டர் மீட்டார்கள், புகைபிடித்தவர்கள் 2.1 மட்டுமே. 175 நோயாளிகளைச் சராசரி எட்டு ஆண்டு தொடர்ந்த 2004-ஆம் ஆண்டுக் கணக்கில் 96 சதவீதப் பற்கள் நிலைத்தன. விழுந்த பற்கள் அத்தனையும் புகைபிடித்தவர்களுடையவை. சுத்தத்தின் கதையும் அப்படியே. அறுவைக்குப் பின் சீரான இடைவெளியில் வந்து பல்லைச் சுத்தம் செய்துகொண்டவர்கள் மீட்டதைக் காத்தார்கள். வராமல் விட்டவர்கள் மீட்டதன் பெரும்பகுதியை இழந்தார்கள். கோத்தன்பர்க் குழு 1977-இலேயே, படலம் மண்டிய வாயில் அறுவை செய்தால் இருந்த பிடிப்பும் போகிறது என்று காட்டி எச்சரித்திருந்தது.

நியூயார்க்கில் ஹிர்ஷ்ஃபெல்டும் வாசர்மனும் 1978-இல் தந்த கணக்கு இதற்கு முன்னோடி. மறுவளர்ச்சி அறுவை பரவாத காலம் அது. 600 நோயாளிகளைச் சராசரி 22 ஆண்டு பராமரித்தார்கள். அவர்களில் 300 பேர் ஈறு நோயால் ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை. பத்தோ அதற்கு மேலோ இழந்தவர்கள் 25 பேர். மலையகத்தில் கண்ட 8 சதவீதத்தினரின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியாது. எந்தப் பராமரிப்புக்கும் எளிதில் அடங்காத சிறு கூட்டம் ஒன்று எங்கும் இருக்கிறது. மறுவளர்ச்சி அறுவை மிக அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

எட்டாத இடங்கள்

இந்த அறுவையால் எல்லாம் ஆகும் என்று சொல்லும் விளம்பரங்களை நம்பக்கூடாது. எலும்பு மட்டம் முழுவதும் சீராகத் தாழ்ந்த வாயில் இது பலிப்பதில்லை. குழிக்குச் சுவர் வேண்டும். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி, முதலில் சுத்தம் செய்து, அதன்பின்னும் ஆழமாக நிற்கும் பைகளில், 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ குழி உள்ளவற்றுக்கே இதைப் பரிந்துரைக்கிறது. இருபது ஆண்டு வெற்றி கண்டவை தேர்ந்த கைகளும், தேர்ந்தெடுத்த நோயாளிகளும், தவறாத பராமரிப்பும் கூடிய ஆய்வுகள். மூன்றில் ஒன்று இல்லாத இடத்தில் அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது. சீரான மட்டத்தில் இழந்த எலும்பைத் திரும்ப எழுப்பும் வழி இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. டோக்கியோவில் நோயாளியின் பிணைநார் உயிரணுக்களையே தாளாக வளர்த்து வேரில் ஒட்டும் முறையை 10 பேரிடம் செய்து 2018-இல் பலன் வெளியிட்டார்கள். மெல்ச்சர் ஊகித்த அந்த உயிரணுவை நேரடியாகக் கொண்டுவந்து வைக்கும் முயற்சி அது.

2017-இல் ஈறு மருத்துவ ஆய்விதழ் ஒன்று, ஒரே தொகுதியில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. ஒன்று கோர்டெல்லினி குழுவின் இருபது ஆண்டுக் கணக்கு. மற்றொன்று மலையகத்தின் நாற்பது ஆண்டுக் கணக்கு. 2010-இல் ஆய்வாளர்கள் திரும்பப் போய் அந்த 480 பேரில் 75 பேரைக் கண்டுபிடித்து அளந்திருந்தார்கள். 30 வயதில் சராசரிப் பிடிப்பு இழப்பு 1.81 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 60 வயதில் குறைந்தது 20 பற்களாவது மிஞ்சும் வாய்ப்பு இருந்தது. மற்றவர்களின் வாய் அதற்கு முன்பே காலியாகிக்கொண்டிருந்தது. புகைபிடித்தலும் காரையும் நோய் தொடங்குவதோடும், காரையும் படலமும் அது முற்றுவதோடும் தொடர்பு கொண்டிருந்தன.

இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது, அறுவை எதற்கு, எப்போது என்பது விளங்குகிறது. குழி விழுந்த பிறகு ஒரு பல்லை மீட்டு இருபது ஆண்டு நிறுத்த இன்று வழி இருக்கிறது. அதற்குச் சவ்வும் புரதமும் நுண்கருவியும் பல வருடப் பராமரிப்பும் வேண்டும். ஆனால் முப்பது வயதுக்குள் காரையை எடுத்து, ஈறு வீக்கத்தை அடக்கி, புகையிலையை விடச் செய்ய அவை எதுவும் தேவையில்லை. ஒரு தோட்டத்து டிஸ்பென்சரியில் மாதம் ஒருமுறை வந்து உட்காரும் பல் மருத்துவர் போதும். உலகத்துக்கே அளவுகோல் தந்த அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இப்போது அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.